எச்.டி. படமும் ஒலியும்: எந்த செட்டாப் பாக்ஸை வாங்குவது?

கேள்வி: புதிதாக 43 அங்குல ஃபுல் எச்.டி. ஸ்மார்ட் டி.வி. வாங்கியிருக்கிறோம். பல ஆண்டுகளாக வைத்திருக்கும் டி.டி.எச். பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களில் இணைத்துப் பார்த்தால், பழைய டி.வி.யில் தெரிந்ததைவிடப் படம் மங்கலாகத் தெரிகிறது. கடைக்காரர் ‘4கே ஆண்ட்ராய்டு பாக்ஸ்’ வாங்கச் சொல்கிறார். அது தேவையா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தேவையில்லை, சாதாரண எச்.டி. பாக்ஸே உங்களுக்குப் போதும். உங்கள் டி.வி.யிலும் குறை எதுவும் இல்லை. பழைய எஸ்.டி. (சாதாரணத் தெளிவு) பாக்ஸ் தரும் படத்தில் அதிகபட்சம் 720க்கு 576 புள்ளிகள் இருக்கும். உங்கள் திரையிலோ 1920க்கு 1080 புள்ளிகள் இருக்கின்றன. அதாவது, ஐந்து மடங்கு புள்ளிகளை இட்டு நிரப்ப வேண்டிய இடத்தில் ஒரு மடங்கைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள், மீதியை டி.வி. தானாக ஊகித்து நிரப்புவதால்தான் முகங்கள் மெழுகு பூசியதுபோலத் தெரிகின்றன. மஞ்சள் ஒயரில் எச்.டி. படம் வரவே வராது என்பதால், புதிய பாக்ஸை எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகத்தான் இணைக்க வேண்டும்.

4கே (ஃபுல் எச்.டி.யைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்) என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. நம் நாட்டு டி.டி.எச். சேவைகளில் 4கே ஒளிபரப்பு மிக அரிது. உங்கள் திரையும் 4கே அல்ல. ஆண்ட்ராய்டு பாக்ஸ் என்பது ஸ்மார்ட் வசதி இல்லாத டி.வி.யும் நல்ல பிராட்பேண்ட் இணைப்பும் உள்ள வீட்டுக்கு மிகவும் பயன்படும், டி.வி.யிலேயே அந்தச் செயலிகள் எல்லாம் இருக்கும்போது அதே வசதிக்கு இரண்டாவது முறை பணம் கட்டுவதாகத்தான் முடியும்.

பாக்ஸின் மாடலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் வீட்டார் உண்மையிலேயே பார்க்கும் சேனல்களை எழுதுங்கள். இங்கே பாக்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் பூட்டப்பட்ட சேனல்களைத் திறக்காது. எந்த பாக்ஸும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்த பிறகும், நடைமுறையில் நிறுவனம் மாறினால் பாக்ஸையும் மாற்ற வேண்டிய நிலைதான் தொடர்கிறது. சன் டி.வி., கே டி.வி., விஜய், ஜீ தமிழ் போன்றவற்றுக்கு எச்.டி. சேனல்கள் இருக்கின்றன; தமிழ்ச் செய்திச் சேனல்களில் பெரும்பாலானவை எஸ்.டி.யாகவே வருகின்றன. நாள் முழுவதும் செய்தி மட்டுமே ஓடும் வீட்டில் எச்.டி. பாக்ஸ் வந்தாலும் பெரிய மாற்றம் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எழுதிய சேனல்களின் எச்.டி. வடிவம் நீங்கள் யோசிக்கும் நிறுவனத்திடம் இருக்கிறதா, எந்த பேக்கில் இருக்கிறது, மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த நிறுவனத்தின் செயலியிலேயே பார்த்துவிடலாம். 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், நெட்வொர்க் கட்டணத்துக்கு (சேனல் விலை தவிர, இணைப்புக்காக மாதந்தோறும் கட்டுவது) ஓர் எச்.டி. சேனல் இரண்டு எஸ்.டி. சேனல்களாகக் கணக்கிடப்பட்டது, 2024இல் அந்தக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. ஆகவே பாக்ஸின் விலையில் சில நூறு ரூபாய் குறைகிறதா என்பதைவிட, ஓராண்டுக்கு ரீசார்ஜ் எவ்வளவு ஆகும் என்பதே முக்கியமான கணக்கு.

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, எச்.டி.எம்.ஐ. கேபிள் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸின் அடியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பாக்ஸ் உங்களுக்கே சொந்தமா, வாடகையா என்பதையும், வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வந்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் ஏராளம். பில் இருந்தும் கடையோ நிறுவனமோ கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். யு.எஸ்.பி. வழியாக நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதி சிலருக்குப் பயன்படும். ஆனால் பதிவான நிகழ்ச்சி பெரும்பாலும் அதே பாக்ஸில் மட்டும்தான் ஓடும்.

பொருத்த வருபவர் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸின் மெனுவில் படத் தெளிவு 576 அல்லது 720 என்று இருந்தால், அதை 1080க்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்து, ஒரே சேனலுக்கு எஸ்.டி.க்கு ஓர் எண்ணும் எச்.டி.க்கு வேறோர் எண்ணும் இருக்கும். பழக்கத்தில் பழைய எண்ணையே அழுத்தி, எச்.டி. பேக்குக்குப் பணம் கட்டிக்கொண்டே எஸ்.டி. படத்தைப் பார்க்கும் வீடுகள் பல. ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினால் சேனல் பெயரோடு எச்.டி. என்று வர வேண்டும். புதிய எண்களைக் குறித்து ரிமோட் பக்கத்தில் வைத்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கும் சிரமம் இருக்காது.

கேள்வி: பாக்ஸின் மேல் டால்பி என்று அச்சிட்டிருக்கிறது, சவுண்ட்பாரும் வாங்கிவிட்டோம். ஆனால் ஒலியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பாக்ஸில் கோளாறா? (சேலம் வாசகர்)

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. சேனல் சாதாரண ஸ்டீரியோ ஒலியை அனுப்பினால், பாக்ஸ் அதை 5.1 (சுற்றிலும் ஆறு ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும் ஒலி) ஆக்கித் தராது. முதலில் சேனல் டால்பி ஒலியை அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பினால், பாக்ஸ் மெனுவின் ஒலிப் பகுதியில் ‘பி.சி.எம்.’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்று இருப்பதை ‘டால்பி டிஜிட்டல்’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான் இருக்கும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால், ஒலி போகும் வழியைக் கவனியுங்கள். பாக்ஸிலிருந்து டி.வி.க்கும், அங்கிருந்து சவுண்ட்பாருக்கும் ஒலி போகும்போது, சில டி.வி.கள் அதை இரண்டு சேனலாகச் சுருக்கியே வெளியே அனுப்பும். டி.வி.யில் ஏ.ஆர்.சி. என்று குறித்த எச்.டி.எம்.ஐ. துளையில்தான் (டி.வி.யின் ஒலியை வெளியே அனுப்புவது இதுதான்) சவுண்ட்பாரை இணைத்திருக்கிறீர்களா, டி.வி.யின் ஒலி அமைப்பும் ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பாக்ஸில் ஆப்டிக்கல் வெளியீடு இருந்தால், அதிலிருந்து நேராக சவுண்ட்பாருக்கு ஒரு கேபிள் போடுவது எளிய தீர்வு. ஒலியில் அக்கறை உள்ளவர்கள் பாக்ஸ் வாங்கும்போதே அந்தத் துளை இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பின்புற ஸ்பீக்கர் இல்லாத 2.1 சவுண்ட்பாராக இருந்தால், பின்னாலிருந்து வரும் ஒலியை அதனிடம் எதிர்பார்க்க இயலாது.

கேள்வி: மழை வந்தால் எச்.டி. சேனல்கள்தாம் முதலில் போகின்றன. விலை கூடிய பாக்ஸ் வாங்கினால் சரியாகுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: ஆகாது. டி.டி.எச். ஒளிபரப்பு வரும் கேயூ அலைவரிசையைக் கனமழை தடுக்கிறது, எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் தரவை நெருக்கமாக அடைத்து வருவதால், சிக்னல் சற்றுக் குறைந்தாலும் அவை முதலில் நின்றுவிடும். வெயில் நாளில் மெனுவில் சிக்னல் தரம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அன்றைக்கே அது குறைவாக இருந்தால், டிஷ் திசை விலகியிருக்கும் அல்லது எல்.என்.பி.யில் (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) கேபிள் சேரும் இடம் துருப்பிடித்திருக்கும்; கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றால் இது அடிக்கடி நேர்வதுதான். கனெக்டரை மாற்றி, டிஷ்ஷைச் சரியாகத் திருப்பினால் இலேசான மழைக்குப் படம் நிற்காது.

கேள்வி: மாதக் கட்டணமே இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ்ஷில் எச்.டி. பார்க்க முடியுமா? (தருமபுரி வாசகர்)

பதில்: 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இச்சேவை, குறைந்த செலவில் டி.வி. பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிக நல்லது. ஆனால் முன்னணித் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களின் எச்.டி. ஒளிபரப்பு அதில் இல்லை. அவை வேண்டாம் என்றால், எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) வசதியுள்ள பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸை மலிவு என்று தலையில் கட்டினால், எம்பெக்-4இல் வரும் சேனல்கள் உங்களுக்குக் கிடைக்காது. புது டி.வி.யும் வாங்கப் போகிறீர்கள் என்றால், செயற்கைக்கோள் டியூனர் உள்ளேயே பொருத்திய டி.வி.களுக்கு பி.ஐ.எஸ். 2022இல் தர விதி வெளியிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட டி.வி.யில் டிஷ் கேபிளை நேரடியாகச் செருகி இலவசச் சேனல்களைப் பார்க்கலாம். தனி பாக்ஸ் தேவைப்படாது.