தலைக்கு மேல் போகும் வசந்தம்

வணக்கம் ஐயா,

நண்பரோடு மார்ச் மாதத்தில், போர்ட்டிக்சன் பக்கத்துக் கடல்முனையான தஞ்சோங் துவானுக்குப் பருந்து பார்க்கப் போனதைப் பற்றி ஒரு கட்டுரையில் இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கும் ஆசை. எனக்கும் என் பள்ளித் தோழனுக்கும் 50 வயது தாண்டிவிட்டது. வரும் மார்ச்சில் முதல் நாள் காலை பிரேசர் மலை, மாலை கோலசிலாங்கூர், மறுநாள் தஞ்சோங் துவான் என்று திட்டம் போட்டிருக்கிறோம். காக்கை, மைனா தவிர எங்களுக்கு ஒரு பறவையும் தெரியாது. திட்டம் சரியா? இன்னொரு கேள்வி: வசந்த காலத்தில் பறவைகள் வலசை போகும் என்கிறார்கள். நம் நாட்டில் ஏது வசந்தம்?

ர., கிள்ளான்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நமக்கு வெயிலும் மழையும்தான். ஆனால் மார்ச்சில் ஜப்பானிலும் சைபீரியாவிலும் குளிர் விலகத் தொடங்கிவிடும். சுமத்ரா, ஜாவா பக்கம் இரை தேடி வந்திருந்த தேன்பருந்துகள் கூடு கட்ட ஊர் திரும்பும் நேரம் அது. அவை போகிற வழி நம் தலைக்கு மேல். நம் ஊருக்கு வசந்தம் வருவதில்லை, இப்படிக் கடந்து போகிறது.

சரி, திட்டம். பிரேசர் மலையையும் கோலசிலாங்கூரையும் இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டும் அருமையான இடங்கள்தான். பிரேசர் மலையில் மேகம் சாலையில் இறங்கிக் கிடக்கும் காலையில் பறவைக் கூட்டம் ஒன்று மரத்துக்கு மரம் நகர்ந்து வருவதைப் பார்க்க நானே பலமுறை போயிருக்கிறேன். ஆனால் மலைப்பறவைகள் ஜூனிலும் அங்கேதான் இருக்கும். தஞ்சோங் துவான் அப்படி இல்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சில வாரங்கள்தான். அதிலும் மார்ச் நடுப்பகுதி நல்ல நேரம். மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே பருந்து பார்க்கும் நிகழ்வை மார்ச்சில் நடத்துவதும் அதனால்தான்.

ஏன் அந்த முனை? தரை சூடானால் அதன் மேலிருக்கும் காற்று எழும்பும். பருந்து இறக்கையை விரித்து அதில் வட்டமடித்து ஏறி, உயரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த வெப்பக்காற்று வரை போய்விடும். கடலுக்கு மேல் அந்த உதவி கிடைக்காது, இறக்கையை அடித்துத்தான் தாண்ட வேண்டும். அந்த உடம்புக்கு அது கடும் உழைப்பு. அதனால் மலாக்கா நீரிணை குறுகும் இடத்தைத் தேடி வருகின்றன. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் நடுவே சுமார் 38 கிலோமீட்டர்தான். காலை வெயில் ஏறிய பிறகு அங்கிருந்து கிளம்புபவை, பதினொரு மணி வாக்கில் இங்கே வந்து சேரும். களைத்துப்போய், தாழப் பறந்து வரும். சில சமயம் கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்ப்பதுகூடத் தெரியும்.

நாங்கள் போன கதைக்கு வருகிறேன். நண்பரும் நானும் ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். அவர் முப்பது வருடம் லோரி ஓட்டியவர். விடியும் முன் கோலாலம்பூரில் காடியை எடுத்து, சிரம்பானில் பசியாறிவிட்டு, போர்ட்டிக்சன் வழியாகப் போனோம். அடிவாரத்தில் காடியை விட்டுவிட்டுக் கலங்கரை விளக்கம் வரை காட்டு வழியில் ஏற்றம். பத்து மணிக்கு மேலே நின்றோம். ஒரு மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. கடல், வெயில், கப்பல்கள். நான் பைனாகுலரை வைத்துக்கொண்டு அடிவானத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

வெறுங்கண்ணோடு நின்ற அவர்தான் முதலில் பார்த்தார். “மச்சான், அந்த வெள்ளை மேகத்துக்கு ஓரத்துல பாரு. தூசி மாதிரி ஏதோ இருக்கு.”

தூசிதான். அப்புறம் அது புள்ளியாகி, ஏழாகி, பதினெட்டாகி, எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து வட்டமடித்து ஏற ஆரம்பித்தது. பெரிய உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்னத் தலை, புறா போல நீண்ட கழுத்து. தேன்பருந்து என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். குளவிக் கூட்டைப் பிய்த்துப் புழுவைத் தின்கிற பறவை அது. கொட்டு படாமலிருக்க முகத்தில் செதில் போல இறுகிய சிறகுகள். ஜப்பானில் சில தேன்பருந்துகளுக்குக் கருவி பொருத்திச் செயற்கைக்கோள் மூலம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வரும்போது கிழக்குச் சீனக் கடலைத் தாண்டி வருபவை, திரும்பும்போது அதைத் தவிர்த்துக் கொரியத் தீபகற்பம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. இதைச் சொன்னதும் நண்பர், “வீட்டுக்கு எப்படியும் போயிடணும்னுதானே சுத்திப் போவுது” என்றார். எங்கள் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி இருபது வருடம் ஆகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளூர்ச் செம்பருந்து ஒன்று கடலோரமாக வந்தது. பார்த்ததும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேல் கருடன் சுற்றினால் அவருடைய அம்மா அப்படித்தான் செய்வார். பறவை பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். கோழிக்குஞ்சுகளைத் தாய்க்கோழி இறக்கைக்குள் இழுத்துக்கொண்டால் அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறைதானே நாமெல்லாம்? வானத்தைப் பார்க்க நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மூன்று மணி வரை இருந்தோம். பருந்துகளோடு சின்ன வல்லூறுகளும் கலந்து வந்தன. எத்தனை வகை என்று நண்பர் கடைசி வரை கேட்கவே இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொப்பி, நிறையத் தண்ணீர், ஒரு பாய் எடுத்துப் போங்கள். மல்லாந்து படுத்துப் பார்த்தால் கழுத்து வலிக்காது. குரங்குகள் இருக்கும், சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள். காலையில் மழை பெய்தால் திரும்பிவிட வேண்டாம், வெயில் வரும்வரை காத்திருங்கள். பைனாகுலர் ஒன்று போதும். ஒருவர் அதில் பார்க்கட்டும், இன்னொருவர் வெறுங்கண்ணால் வானம் முழுக்கப் பார்க்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள்.