‘ஓடு’ என்றால் எந்த ஓடு?

கேள்வி: எங்கள் கோயில் வளவில் கிணறு தோண்டியபோது வந்த துண்டுகளைப் பதிவேட்டில் எழுதுகிறோம். ஒருவர் ‘ஓடு’ என்கிறார், மற்றவர் ‘ஓட்டாஞ்சில்லு’ என்கிறார். செதுக்கிய கல் ஒன்றுக்கு மூன்று பெயர். எதை வைப்பது?
– வாசகர், நிலாவெளி

பதில்: முதலில் தோண்டுவதை நிறுத்தி, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1815 மார்ச் 2க்கு முற்பட்டதென நம்பத்தக்கவை இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி தொல்பொருட்கள்.

இனிப் பெயர். கூரை ஓடு, பானை ஓடு, சிப்பி ஓடு, ஆமை ஓடு எல்லாமே தமிழில் ஓடுதான். கடலோர மண்ணில் இவை ஒரே கூடையில் வரும். ஆகவே ‘மட்பாண்ட ஓடு’ என்பதையே பதிவுப் பெயராக்குங்கள். ‘பானை ஓடு’ போதாது, உடைந்தது வட்டிலாகவும் இருக்கலாம். ‘ஓட்டாஞ்சில்லு’, ‘பானைத்துண்டு’ இரண்டையும் அழிக்காமல், “காண்க: மட்பாண்ட ஓடு” என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒரு வரி விளக்கமும் தேவை: “சுட்ட களிமண் பாண்டத்தின் துண்டு, கூரை ஓடு சேராது.” கூரை ஓடு பெரும்பாலும் தட்டையாகவோ ஒரே திசையில் வளைந்தோ, சீரான தடிப்புடன் இருக்கும். பாண்டத்தின் வயிற்றுப் பகுதி இரு திசையிலும் வளையும், உட்புறத்தில் குயவர் சக்கர வரிகளும் தெரியலாம்.

‘சோழர் காலக் கருங்கல் கோயில் தூண்’ என்று ஒரே பெயரில் எழுதாதீர்கள். காலக் கணிப்பு மாறினால் பெயரே பிழையாகிவிடும். பெயர் ‘தூண்’ மட்டும். மூலப்பொருள், காலம், பயன்பாடு எல்லாம் தனித்தனி நிரல்கள்.

உங்கள் கல்லுக்கு நல்ல முன்மாதிரி திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருக்கிறது. இரட்டை மீனும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் அங்கே நிலைக்கல்லாக நிற்கிறது. ‘வாசற்கல்’ என்று மட்டும் எழுதினால் கல்வெட்டைத் தேடுபவருக்கு அது கிடைக்காது. பெயர் ‘கல்வெட்டு’, தற்போதைய பயன்பாடு ‘நிலைக்கல்’ என்று இரண்டையும் எழுத வேண்டும்.

கோயில் அடித்தளக் கல்லென்றால் அதன் அடுக்குகளுக்குச் சிற்பிகள் வழங்கும் சொற்களே சிறந்தவை. கீழிருந்து மேலாக: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. முகம் உருண்டு புடைத்திருந்தால் வட்டக் குமுதம், பட்டை தீட்டியிருந்தால் பட்டைக் குமுதம். நிச்சயமில்லையா? ஒரு படி பொதுவாக, ‘அதிட்டானக் கல்’ (அதாவது அடித்தளக் கல்) என்று எழுதுங்கள். அதுவும் ஐயமென்றால் ‘செதுக்கிய கல்’ போதும். பொதுப்பெயரைப் பின்னர் நுணுக்கலாம். ஊகித்து வைத்த நுண்பெயரோ உண்மைபோலவே பட்டியலில் தங்கிவிடும். பிறகு யாரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

கட்டடங்களுக்கும் இதுவே முறை. திரியாய் பௌத்தத் தலத்தில் தூபி ஒரு பதிவு, அதைச் சூழ்ந்த வட்டதாகே என்னும் வட்டக் கட்டடம் இன்னொரு பதிவு. இரண்டையும் எண்ணால் இணைத்துவிடுங்கள்.