இரண்டு முட்டியையும் இந்த மாதமே மாற்றச் சொல்கிறார்கள், செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நாலு வருடமாக இரண்டு முட்டியிலும் வலி, வலது முட்டி ரொம்ப மோசம். கால் வில் மாதிரி வளைந்துவிட்டது. 12 வருடமாக சுகர், பி.பி.யும் உண்டு. உயரம் ஐந்தடி, எடை 78 கிலோ. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.9. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "கிரேடு நாலு, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம், இந்த மாதமே அட்மிஷன் போடலாம்" என்கிறார். எதிர் வீட்டு மாமியோ, "கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்" என்கிறார். தினம் ஒரு வலி மாத்திரையில் காலம் ஓடுகிறது. போன வருடம் பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்கக்கூட மயிலாப்பூர் போக முடியவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, மாமி சொல்வதை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வலது முட்டிக்கு என்றாவது ஒருநாள் அறுவை சிகிச்சை தேவைப்படும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இந்த மாதம் வேண்டாம். இரண்டையும் சேர்த்தும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் "கிரேடு நாலு". முட்டியில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் முனைகளில் வழவழப்பான ஒரு குருத்தெலும்பு உறை உண்டு. நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அது தேய்ந்து, எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மறைந்துபோவதைத்தான் நாலாவது கிரேடு என்கிறோம். நம் ஊரில் அநேகம் பேருக்கு உள்பக்கம்தான் முதலில் தேயும், அதனால்தான் கால் வெளிப்பக்கமாக வளைகிறது. "முட்டியில் தண்ணி வத்திப் போச்சு" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். தேய்ந்த முட்டியில் நீர் வற்றுவதில்லை, பல சமயம் கூடுதலாகச் சுரந்து வீங்கத்தான் செய்கிறது.

எக்ஸ்ரேயும் வலியும் எப்போதும் ஒத்துப்போகாது. நாலாவது கிரேடை வைத்துக்கொண்டு தினமும் நடேசன் பூங்காவில் நாலு சுற்று வருகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டாவது கிரேடில் தூக்கம் கெட்டுப்போனவர்களும் இருக்கிறார்கள். அதனால் நான் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது வேறு. ராத்திரி வலியில் விழிப்பு வருகிறதா? தெருமுனைக் கடைக்கு நிற்காமல் போக முடிகிறதா? நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? வலிக்குப் பயந்து எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்? நீங்கள் அறுபத்து மூவரை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு கிரேடு நாலைவிட அந்த வரிதான் முக்கியம்.

எக்ஸ்ரேயை நின்ற நிலையில் எடுத்தார்களா என்றும் பாருங்கள். படுக்கவைத்து எடுத்த படத்தில் இடைவெளி இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். இன்னொன்று, உங்கள் இடுப்பு மூட்டை யாராவது அசைத்துப் பார்த்தார்களா? ஒருமுறை ஒரு ஆட்டோ ஓட்டுநர் முட்டியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். இரண்டு இடத்தில் முட்டிக்கு ஊசி போட்டாயிற்று, பலனில்லை என்றார். முட்டியை மடக்கி நீட்டினேன், ஒன்றுமில்லை. தொடையை உள்பக்கம் திருப்பியதும் துள்ளிவிட்டார். தேய்ந்திருந்தது இடுப்பு மூட்டு. அந்த வலி தொடை வழியாக இறங்கி முட்டியில் தெரியும். முதுகிலிருந்து வரும் நரம்பு வலியும் இப்படி ஏமாற்றும். காலே வளைந்திருப்பதால் உங்களுக்கு முட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன், இருந்தாலும் அந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த வலி மாத்திரை. எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் தரும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகளை சுகரும் பி.பி.யும் உள்ளவர்கள் தினமும் போட்டால் சிறுநீரகம் கெடலாம், வயிற்றில் புண் வரலாம், பி.பி. ஏறும். சில பி.பி. மாத்திரைகளோடு, குறிப்பாக நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடு சேரும்போது ஆபத்து இன்னும் அதிகம். இந்த வாரமே கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அதுவரை உங்கள் சுகர் டாக்டரைக் கேட்டுவிட்டு பாரசிட்டமால் போடுங்கள், முட்டியின் மேல் டைக்ளோஃபினாக் ஜெல் தடவுங்கள். தடவுவதில் ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு.

குளுக்கோசமைன் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்குங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஒரு கல்யாணம், ஒரு பயணம் என்று வந்தால் உதவும். ஆனால் சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும், போட்டு மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் கிருமித் தொற்று அபாயமும் கூடும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லிப் போடும் ஜெல் ஊசி உங்கள் அளவு தேய்மானத்தில் காசுக்கு ஏற்ற பலன் தராது. ஸ்டெம் செல் ஊசியில் ஜவ்வு மறுபடி வளரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். துளை போட்டு முட்டியைக் கழுவிச் சுத்தம் செய்வதும் தேய்மான வலிக்கு உதவுவதில்லை. 2002-லேயே போலி அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

சரி, அடுத்த மூன்று மாதம் என்ன செய்வது?

தொடையின் முன்பக்கத் தசைதான் முட்டிக்குத் தூண். வலிக்கிறது என்று நடையைக் குறைத்தால் அது மெலியும், மெலிந்தால் வலி கூடும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அந்தத் துண்டை நசுக்குவதுபோல முட்டியால் கீழே அழுத்துங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை. அப்புறம் மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்றதை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். அடுப்பில் குக்கர் இருக்கும்போது சாப்பாட்டு மேஜை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதல் நாள் மூன்று முறைதான் வரும், பரவாயில்லை. செய்த அன்று லேசாக வலிப்பது சகஜம். மறுநாள் காலையிலும் அதே வலி நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். நான்கைந்து முறை ஒரு பிஸியோவிடம் போய் முறையாகக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. இந்தப் பயிற்சி எப்படியும் வீண்போகாது. பின்னால் அறுவை சிகிச்சை செய்தாலும் பலமான தொடை உள்ளவர்கள்தான் சீக்கிரம் நடக்கிறார்கள்.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. உங்களை அறுபது கிலோவுக்கு வரச் சொல்லவில்லை. ஐந்தாறு கிலோ போதும், சர்க்கரையும் கூடவே இறங்கும். ராத்திரி சாதத்தைக் குறையுங்கள்.

கைத்தடியை இடது கையில் பிடியுங்கள். வலது முட்டி வலிக்கிறது என்று பலரும் வலது கையிலேயே பிடிக்கிறார்கள், அது தப்பு. எதிர்க் கையில் பிடித்தால்தான் பாரம் பிரியும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துவிட்டு அடுத்த படி. மாடித் திருப்பங்களில் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கக் கட்டடத்துக்காரர்களிடம் கேளுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டையும் இப்போதே செய்துவிடுங்கள். எப்படியும் தேவைப்படும்.

இதையெல்லாம் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரித் தூக்கம் கெடுகிறது, வீட்டுக்குள் நடக்கவே யோசிக்கிறீர்கள் என்றால், தயங்காமல் வலது முட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் சர்க்கரை 7.5 பக்கம் வர வேண்டும். 8.9-இல் கத்தி வைத்தால் புண் ஆற நாளாகும், கிருமித் தொற்று வாய்ப்பு கூடும். பொதுவாக நூறில் ஒருவருக்கு உள்ளே ஆழமாகத் தொற்று வருகிறது. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் வந்தவருக்குப் பொருத்திய மூட்டை எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி பொருத்த வேண்டிவரும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, கால் விரலிடுக்குப் புண் எது இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது தவறே இல்லை, இதயம் பலமாக உள்ளவர்களுக்குச் செய்கிறார்கள். ஒரே மயக்கம், ஒரே படுக்கை என்ற வசதி உண்டு. ஆனால் ரத்த இழப்பும், ரத்தக் கட்டி வரும் வாய்ப்பும், இதயத்தின் சுமையும் கூடுகின்றன. உங்கள் சுகர், பி.பி., எடையோடு நான் மோசமான முட்டியை மட்டும் முதலில் செய்வேன். அது தேறியதும் மற்றது சில சமயம் தானே அடங்கிப்போகும், பாரம் ஏந்த ஒரு நல்ல கால் கிடைத்துவிட்டதல்லவா. ரோபோ வைத்துச் செய்கிறோம் என்று கூடுதல் பணம் கேட்டால், ரோபோவைவிட அந்த அறுவை நிபுணர் வருடத்துக்கு எத்தனை முட்டி செய்கிறார் என்று கேளுங்கள். அளவு துல்லியமாக வருவது உண்மைதான், நோயாளி பத்து வருடம் கழித்து அதனால் நன்றாக நடக்கிறார் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

"மாற்று" என்ற சொல் கொஞ்சம் பயமுறுத்துகிறது. முழு முட்டியையும் வெட்டி எடுப்பதில்லை. தேய்ந்த எலும்பு முனைகளைச் சில மில்லிமீட்டர் செதுக்கி மேலே உலோக உறையும், நடுவே உறுதியான பிளாஸ்டிக் தட்டும் வைக்கிறோம், அவ்வளவுதான். மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். படுத்த படுக்கை ஆகிறவர்கள் பெரும்பாலும் வலிக்குப் பயந்து பயிற்சியை விட்டவர்கள். முதல் மூன்று வாரம் கடினம், பொய் சொல்ல மாட்டேன். இதமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்காதீர்கள், கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் கைத்தடிக்கு வந்துவிடலாம். வீக்கமும் சூடும் சில மாதம் இருக்கும், தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும், நடக்கையில் லேசாக "டக்" என்று கேட்கும், மெட்ரோ சோதனை வாசலில் பீப் அடிக்கும். இவை எல்லாம் சகஜம். காய்ச்சலோடு முட்டி சிவந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சம்மணம் போட்டு உட்காருவதையும் குந்தி உட்கார்ந்து கோலம் போடுவதையும் மறந்துவிட வேண்டியதுதான். புது முட்டி சுமார் 110, 120 டிகிரி மடங்கும், நாற்காலிக்கும் படிக்கும் அது போதும். எவ்வளவு காலம் உழைக்கும் என்றால், 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பு ஆய்வின்படி நூறில் 82 முட்டிகள் 25 வருடம் தாங்குகின்றன. அதே சமயம் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை, "நினைத்த அளவு இல்லை" என்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு எண்ணையும் உங்கள் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முட்டி உபகரணத்தின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டி அப்போது 54,720 ரூபாய் ஆனது, வரி தனி. அதனால் "பேக்கேஜ்" என்று ஒரே தொகை சொன்னால், உபகரணத்துக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தனியார் பாலிசி என்றால் மூட்டு மாற்றுக்கு இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு விதி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கெடு இன்னும் ஆறு மாதத்தில் முடிகிறது என்றால், அவசரப்படாமல் இருக்க உங்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

தேதி குறிக்கும்போது மழையையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், தையல் காயத்தோடு நீங்கள் இறங்கவும் முடியாது, பிஸியோ ஏறவும் முடியாது. தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் தரைத்தளத்தில் யாராவது சொந்தக்காரர் வீடு கிடைத்தால் உத்தமம். அப்படிச் செய்தால் பங்குனிக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும். கூட்டத்துக்குள் மட்டும் இறங்காதீர்கள், இடிபட்டு விழுந்தால் வம்பு. மாட வீதியில் தெரிந்தவர் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி கேட்டு வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே அறுபத்து மூவரைப் பாருங்கள்.