டாப்வாட்டரில் பாஸ் மீன்: டெக்சாஸ் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

டாப்வாட்டர், அதாவது தண்ணீரின் மேல்பரப்பில் ஓடும் லூர் என்ற செயற்கை இரையைப் போட்டு லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பது பற்றி டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த லூர் வாங்குவது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் உண்டு. ஆனால் மீன் அடித்த அந்த நொடியில் கை அவசரப்படுவதால்தான் நிறைய மீன் தவறிப்போகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிளேனோவிலிருந்து: அண்ணா, பாப்பரில் (சுண்டினால் தண்ணீரைத் தெறிக்கவிடும் லூர்) மீன் பளாரென்று அடிக்கிறது. உடனே வெட்டி இழுக்கிறேன், லூர் மட்டும் பறந்து வருகிறது. ராடை (தூண்டில் கம்பை) மாற்ற வேண்டுமா?

ராடு அப்படியே இருக்கட்டும் தம்பி. பாஸ் பெரும்பாலும் இரையைக் கவ்விப் பிடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சுகிறது. மூழ்கிய லூர் அந்த இழுப்பில் எளிதாகப் போய்விடும். மிதக்கிற லூர் அப்படியில்லை, முதல் அடியில் முழுதாக உள்ளே போகாமலும் இருக்கலாம். தண்ணீர் தெறித்ததைப் பார்த்தவுடன் நீங்கள் இழுத்தால், பாதி வாயில் இருக்கிற லூரை நீங்களே பிடுங்கி எடுத்துவிடுகிறீர்கள்.

சத்தம் வந்ததும் ராடைத் தூக்காதீர்கள். ரீலைச் சுற்றித் தளர்வை மட்டும் எடுங்கள். தூண்டில் நரம்பில் கனம் தெரிந்த பிறகு ராடைப் பக்கவாட்டில் நிதானமாக வீசி இழுங்கள். மூன்று கொக்கி உள்ள டிரெபிள் முள்ளுக்கு அந்த வேகமே போதும். கனம் தெரியவில்லை, லூர் இன்னும் மிதக்கிறது என்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நொடி கழித்து லேசாக ஒரு சுண்டு. தவறவிட்ட மீன் பெரும்பாலும் அடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. அவசரத்தில் இழுத்த லூர் நேராக முகத்துக்குத்தான் வரும். அதில் ஆறு முள் முனைகள் இருக்கின்றன. கண்ணாடி போடாமல் டாப்வாட்டர் வீசவே வேண்டாம்.

ஆஸ்டினிலிருந்து: ஸாரா ஸ்பூக் வாங்கினேன். வீடியோவில் இடம் வலம் என்று அழகாக ஆடுகிறது. என்னுடையது நேராக வருகிறது. லூரில் குறையா?

லூர் நன்றாகத்தான் இருக்கும். ஹெடன் கம்பெனியின் அந்த லூர் பல தலைமுறைகளாக மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்குள் ஆட்டம் எதுவும் கிடையாது. ஆட்டத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ரகசியம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்திக்கொள்ளுங்கள். மணிக்கட்டால் ஒரு குட்டைச் சுண்டு. சுண்டியவுடன் நுனியை லூரை நோக்கித் திருப்பிக் கொண்டுபோங்கள். கதவைத் தட்டும்போது ஒவ்வொரு தட்டுக்கும் கை பின்னால் வருகிறதே, அந்தத் தாளம்தான். நரம்பு தளர்ந்த அந்தக் கணத்தில் லூரின் மூக்கு ஒரு பக்கம் சறுக்கும். அடுத்த சுண்டு அதை மறுபக்கம் திருப்பும். மற்றொரு கை தளர்வை மட்டும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நரம்பு எப்போதும் விறைப்பாக இருந்தால் லூர் நேராகத்தான் வரும்.

முடிச்சும் முக்கியம். மூக்கு வளையத்தோடு இறுக்கிக் கட்டாமல் சிறு வளைய முடிச்சு போடுங்கள், அல்லது ஸ்னாப் என்ற சிறு கம்பிக் கொக்கி மாட்டுங்கள். லூர் இன்னும் தாராளமாகத் திரும்பும். தாளம் கைக்கு வந்த பிறகு இடையிடையே நிறுத்துங்கள். அடி அந்த இடைவெளியில்தான் அதிகம் விழும்.

இர்விங்கிலிருந்து: எந்த நிறம்?

மீன் அடியிலிருந்து வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கிறது. வயிற்றுப் பக்கம் வெள்ளை அல்லது எலும்பு நிறம், இரவில் கறுப்பு. இந்த இரண்டையும் வைத்து வருடம் முழுக்க ஓட்டலாம். நிறத்துக்குச் செலவழிக்கிற யோசனையை இடத்துக்குச் செலவழியுங்கள்.

ஃபிரிஸ்கோவிலிருந்து: எந்த மாதம், எந்த நேரம் சரி? விடியற்காலை மட்டும்தானா?

தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வீசத் தொடங்கலாம். வடக்கு டெக்சாஸில் பொதுவாக ஏப்ரலிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. அதற்குள் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ் முட்டையிடும் பருவம் முடிந்ததும் வரும் வாரங்கள். அந்த நேரத்தில் ஷாட் என்ற சிறு மீன்கள் விடியற்காலையில் கரைக் கற்கள், படகுத்துறைத் தூண்கள், பாசி ஓரங்களில் கூட்டமாக முட்டையிட வரும். பாஸ் அவற்றின் பின்னாலேயே நிற்கும். வெயில் ஏறியதும் ஷாட் கலைந்துவிடும், கொண்டாட்டமும் முடிந்துவிடும். எட்டு மணிக்குப் போய் மீன் இல்லை என்று சொல்லக் கூடாது.

கோடையில் விடியலும் அந்தியும்தான். மேகம் மூடிய நாளென்றால் பகல் முழுக்க வீசலாம். செப்டம்பர், அக்டோபரில் ஷாட் கூட்டத்தை பாஸ் நடு ஏரியில் மேலே துரத்தும், தண்ணீர் கொதிக்கிற மாதிரி தெரியும். கூட்டத்தின் நடுவில் லூரைப் போடாதீர்கள். தாண்டி வீசி, ஓரத்தில் கொண்டுவாருங்கள்.

காற்றையும் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் சின்ன பாப்பர், நீண்ட இடைவெளி. லேசான அலை இருந்தால் ஸ்பூக், வாப்பர் ப்ளாப்பர் போன்ற பெரிய சத்தம் போடும் லூர்கள். அலையில் வெள்ளை நுரை தெரிந்தால் டாப்வாட்டரை மூட்டை கட்டிவிடுங்கள்.

டைலரிலிருந்து: சனிக்கிழமை பதினோரு மணிக்குத்தான் வீட்டிலிருந்து கிளம்ப முடிகிறது. சுள்ளென்ற வெயில். எனக்கு வழியே இல்லையா?

தவளை இருக்கிறதே. உள்ளே காற்று நிறைந்த ரப்பர் தவளையின் முட்கள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், அதனால் பாசியில் மாட்டாது. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி மேலே வந்து மெத்தையாகப் படர்ந்திருக்கும் இடம், அல்லி இலைகள், துறைக்கு அடியிலுள்ள நிழல். நடுப்பகலில் பெரிய மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். மெத்தைக்கு மேலே தவளையை மெதுவாக இழுத்துவந்து, ஓட்டை தெரிகிற இடத்தில் நிறுத்தி, அங்கேயே துடிக்கவிடுங்கள்.

இதற்கு மட்டும் சாமான் வேறு. 50 முதல் 65 பவுண்ட் தாங்கும் பின்னல் நரம்பு, ஏழு அடி ஹெவி ராடு. மீன் தவளையை இழுத்துக்கொண்டு போன பிறகு தளர்வை எடுத்து, மேல்நோக்கி ஓங்கி வெட்ட வேண்டும். முன்னே சொன்ன நிதானமான வீச்சு இங்கே போதாது, ஏனென்றால் அந்த ரப்பர் உடம்பு நசுங்கி முள் வெளியே வர வேண்டும். முள் ஏறியதும் மீனின் தலையைத் திருப்ப விடாதீர்கள், பாசிக்குள் புகுந்தால் அதோடு போச்சு. நடுவில் தவளைக்குள் தண்ணீர் ஏறும், அவ்வப்போது பிழிந்துவிடுங்கள்.

கேட்டியிலிருந்து: கடைக்காரர் ஃப்ளூரோகார்பன் நரம்புதான் உயர்ந்தது என்றார். அதையே சுற்றிவிட்டேன்.

டாப்வாட்டருக்கு அது வேண்டாம். ஃப்ளூரோகார்பன் மூழ்கும். மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும். பாப்பருக்கும் ஸ்பூக்குக்கும் 15 பவுண்ட் சாதாரண மோனோ (ஒற்றை இழை நைலான் நரம்பு) நல்லது. பின்னல் நரம்பு போட்டால் முன்னால் இரண்டடி மோனோ கட்டுங்கள். வெறும் பின்னல் மெத்தென்று இருப்பதால் முன் முள்ளில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஷுகர் லேண்டிலிருந்து: பின்னாலேயே வருகிறது, வாலை முட்டுகிறது, வாயில் எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?

முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அடுத்து ஒரு அளவு சின்ன லூர். பின் முள்ளில் இறகு கட்டியது இருந்தால் இன்னும் நல்லது, லூர் நிற்கும்போதும் அந்த இறகு அசைந்துகொண்டிருக்கும். எதுவும் எடுபடவில்லையென்றால் இன்னொரு ராடில் ஈயம் போடாத ரப்பர் புழுவைத் தயாராக வைத்திருங்கள். மீன் கொந்தளித்த அதே இடத்தில் அதைப் போட்டுத் தானாக மூழ்க விடுங்கள். மேலே வந்து ஏமாந்த மீன் இதை எடுத்துவிடும்.

ரவுண்ட் ராக்கிலிருந்து: பத்து வயது மகனோடு முதல் முறையாகப் போகிறேன். எனக்கும் எதுவும் தெரியாது. எதை வாங்கட்டும் சார்?

நல்ல முடிவும்மா. ஸ்பின்னிங் ராடு ஒன்று, வாப்பர் ப்ளாப்பரில் சின்ன அளவு ஒன்று. அதன் வால் சுழன்று தானாகச் சத்தம் போடும். ஒரே வேகத்தில் சுற்றினால் போதும், குழந்தைகளுக்கு அதைவிட எளிதானது இல்லை. வாங்கியதும் முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையில் ஏறினாலும் சுலபமாக வந்துவிடும்.

மகனுக்கு லைசென்ஸ் தேவையில்லை, 17 வயதிலிருந்துதான் வேண்டும். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களின் கரையிலிருந்து பிடித்தால் உங்களுக்கும் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும். முதல் நாளுக்கு அதுதான் சரியான இடம்.

லிண்டேலிலிருந்து: பெரிய மீன் மேலே வராது, டாப்வாட்டர் சின்ன மீனுக்குத்தான் என்கிறார்களே?

குளிர்காலத்தை வைத்துச் சொல்கிறார்கள். டெக்சாஸ் மாநில சாதனையான 18.18 பவுண்ட் பாஸ் லேக் ஃபோர்க்கில் 1992 ஜனவரியில் பிடிபட்டது. அந்த மாதத்தில் யாரும் ஸ்பூக் வீசுவதில்லை. முட்டை சுமந்து மீன் கனத்திருக்கும் காலமும் டாப்வாட்டர் காலமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஆனால் மே மாத விடியலில், அல்லது ஜூலை இரவில் கறுப்பு ஜிட்டர்பக் லூர் ஒரே தாளத்தில் களக் களக்கென்று வரும்போது, பெரிய மீன் நன்றாகவே வரும். லூரையும் பெரிதாகப் போடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஐயா, எங்கள் குளத்தில் பாஸ் இல்லை, விரால்தான். இந்தத் தவளை லூர் எடுபடுமா?

அருமையாக எடுபடும். விராலும் பாசிக்கடியில் பதுங்கி மேலே அடிக்கிற மீன்தான். பின்னல் நரம்பு, தளர்வு எடுத்து ஓங்கி வெட்டுவது, எல்லாம் மேலே சொன்னபடியே. விரால் காற்று குடிக்க மேலே வரும். அந்தக் குமிழியைப் பார்த்து, அதைத் தாண்டி வீசி அதன் மேல் கொண்டுவாருங்கள். ஒரு வேண்டுகோள்: செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். லூரை நிச்சயம் அடிக்கும், ஆனால் அவை போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

கார்லண்டிலிருந்து: கடைசியாக ஒன்று. பிடித்த பாஸைக் குழம்பு வைக்கலாமா, விட்டுவிட வேண்டுமா?

வைக்கலாம். வெள்ளைச் சதை, வறுவலுக்கும் நன்றாக இருக்கும். பொதுவான விதி: 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5. ஆனால் ஏரிக்கு ஏரி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலம் வரை உள்ளதை எடுக்கலாம், 16க்கும் 24க்கும் இடைப்பட்டதை விட்டே ஆக வேண்டும். கேடோ ஏரி பாஸுக்குப் பாதரச எச்சரிக்கை இருக்கிறது. போகும் முன் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் பக்கத்தில் அந்த ஏரியின் பெயரைத் தேடிவிடுங்கள்.

நான் சட்டம் அனுமதிக்கிற சின்ன மீன்களை மட்டும் எடுப்பேன். பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள், அவற்றை விட்டுவிடுவேன். விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், கீழ்த்தாடையில் பிடிக்கும்போது வயிற்றுக்கும் ஒரு கை கொடுங்கள். குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆகஸ்ட் தண்ணீரில் மீன் சீக்கிரம் களைத்துவிடும், அதனால் போட்டோவுக்கு முன்பே கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மீனைத் தூக்குங்கள்.