நல்ல பாம்பு, நல்ல கொலஸ்ட்ரால்

கேள்வி: செல்களில் மிஞ்சும் கொலஸ்ட்ராலை உடம்பு எப்படி வெளியேற்றுகிறது? நல்ல கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் பயமில்லைதானே?

பதில்: 'நல்ல' என்ற சொல்லை நம்பி இறங்காதீர்கள். கொத்தினால் ஆளையே முடித்துவிடுகிற பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. கொலஸ்ட்ராலில் நல்லது, கெட்டது என்று இரண்டு கிடையாது. சரக்கு ஒன்றுதான், வண்டிதான் வேறு. 'கெட்டது' என்று பெயர் வாங்கிய எல்டிஎல், செல்களில் கொண்டுபோய் இறக்கும். 'நல்லது' எனப்படும் ஹெச்டிஎல், மிஞ்சியதை ஏற்றிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்பும்.

'கொழுப்பு என்று தமிழில் எழுதினால் என்ன?' என்று மாதம் தவறாமல் கார்டு போடும் நண்பருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொலஸ்ட்ரால் கொழுப்பு அல்ல ஐயா, ஸ்டீரால் என்ற வேறு வகைப் பொருள். கொழுப்பை எரித்துச் சக்தியாக்க உடம்புக்குத் தெரியும். கொலஸ்ட்ராலின் நான்கு வளையங்களை உடைத்து எரிக்க நம் செல் எதற்கும் தெரியாது. சுமந்துபோக ஆள் தேவைப்படுவதே அதனால்தான். இதற்கும் மறுப்புக் கார்டு வரும். அதைத்தான் நான் கொழுப்பு என்பேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். செல்லின் சவ்வில் ஏபிசிஏ1 என்றொரு புரதம், கதவு மாதிரி. கல்லீரலும் குடலும் தயாரித்து அனுப்பும் ஏபோ ஏ-1 என்ற இன்னொரு புரதம் வெளியே காலியாகக் காத்திருக்கும். உள்ளிருந்து வரும் கொலஸ்ட்ராலை வாங்க வாங்க அது தட்டையான தட்டாகும். அப்புறம் எல்கேட் என்ற நொதி சரக்கை உள்ளே திணிக்க, உருண்டையாகும். அதுதான் ஹெச்டிஎல். கல்லீரல் சரக்கை வாங்கிப் பித்தத்தில் அப்படியே கலக்கும், அல்லது பித்த அமிலமாக்கிக் குடலுக்குத் தள்ளும். அந்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம்தான் மலத்தோடு போகிறது.

கதவு கெட்டால்? அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவிலுள்ள டாஞ்சியர் தீவில் ஒரு சிறுவனின் டான்சில் ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. போக வழியில்லாத கொலஸ்ட்ரால் அங்கே தேங்கியிருந்தது. ரத்தத்தில் ஹெச்டிஎல் இல்லவே இல்லை எனலாம். 1961-இல் பதிவான இந்த நோய்க்குக் காரணம் ஏபிசிஏ1 மரபணுதான் என்று 1999-இல்தான் தெரிந்தது.

அப்படியானால் ஹெச்டிஎல்லை ஏற்றிவிட்டால் போதுமே? டோர்செட்ராபிப் என்ற மருந்து ஏற்றத்தான் செய்தது. மருந்து சாப்பிட்டவர்களிடையே சாவு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருப்பது ஹெச்டிஎல் வண்டிகளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்ற கணக்கு. அந்த வண்டிகள் எத்தனை நடை அடித்தன என்று அதில் வராது.