டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட பதக்கங்கள்

முன்னாள் படைவீரர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, படையிலிருந்து விலகும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பணியும் பதக்கமும் சரியாகப் பதிவாகாமல் போனதைப் பற்றியவை. ராணுவத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் இந்தப் பதிவுகளோடே இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் தந்தையார் 1963-ல் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து 1980-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 1971 டிசம்பர் போரில், மேற்குப் போர்முனையில் உள்ள ஷகர்கர் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது இடது முன்கையில் வெடிச்சிதறல் பாய்ந்து, பதான்கோட் ராணுவ மருத்துவமனையில் ஐந்து வாரம் இருந்தார். அங்கிருந்து வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சங்ராம் பதக்கமும் சுதந்திர 25-ஆம் ஆண்டுப் பதக்கமும் மட்டுமே இருக்கின்றன. பஷ்சிமி ஸ்டார் இல்லை, காயம்பட்டதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் அடையாளக் குறிகள் என்ற இடத்தில் "இடது முன்கையில் தழும்பு" என்று எழுதியிருக்கிறார்கள். "தழும்பை எழுதினவன், அது எப்படி வந்ததுன்னு எழுதலையே" என்பதுதான் எண்பத்தொரு வயதில் அப்பாவின் ஒரே வருத்தம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இதைத் திருத்த முடியுமா? — ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, முடியும். ஆனால் திருத்த வேண்டிய இடம் உங்கள் கையில் இருக்கும் புத்தகம் அன்று. டிஸ்சார்ஜ் புத்தகம் என்பது ஒரு நகல்தான். மூலம், படைப்பிரிவின் பதிவு அலுவலகமான ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள ஷீட் ரோல் என்ற பணி விவரத் தாளும் அதனோடு சேர்ந்த பணி ஆவணங்களும். மூலத்தில் இருப்பது புத்தகத்தில் விடுபட்டிருந்தால் வேலை எளிது: ஒப்பிட்டுப் பார்த்து, எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். மூலத்திலேயே இல்லையென்றால், அது ஏன் அங்கே ஏறவில்லை என்பதைக் கண்டுபிடித்து, ஏற வேண்டிய தகுதி இருந்தது என்று சான்றுகளோடு காட்ட வேண்டும். உங்கள் தந்தையார் விஷயம் இரண்டாவது வகையாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்குக் காரணம், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் "வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்" என்ற வரி.

ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் நடக்கும் எதுவும், அது திருமணமானாலும் குழந்தைப் பேறானாலும் பதவி உயர்வானாலும் காயமானாலும், அவர் அப்போது இருக்கும் யூனிட் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணையில் வெளியிட்டால்தான் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தெரியும். போர்ப் பதக்கங்களோ போர் முடிந்த மறுநாளே வருபவை அல்ல. அரசு அறிவித்து, தகுதி விதிகள் வந்து சேர்ந்து, ஒவ்வொரு யூனிட்டும் தகுதியுள்ளவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பதற்குள் பாதிப் பேர் இடம் மாறியிருப்பார்கள். பழைய யூனிட் தன்னிடம் இப்போது இருப்பவர்களைப் பட்டியலிடும். புதிய யூனிட்டுக்கோ வந்தவர் எங்கே போரிட்டார் என்பது தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயர் விழுந்துவிடும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எழுத்தராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இப்படி ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். அன்றைய வருகைக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்தேன். மருத்துவமனையில் இருந்த ஒரு லான்ஸ் நாயக்கின் பெயர் அந்தக் கணக்கில் இல்லை, ஆகவே என் பட்டியலிலும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, விடுப்பில் போகும் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். சீருடையில் இருந்தார், அவர் வயதுக்காரர்கள் எல்லோர் மார்பிலும் இருந்த பதக்கப் பட்டை ஒன்று அவர் மார்பில் இல்லை. காரணம் கேட்டபோது, "எனக்கு வரலை சார்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவே என் யூனிட்டிலிருந்து எழுத வேண்டிய கடிதத்தின் வரைவை எழுதினேன். அவருக்கு அது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் எத்தனை அணிவகுப்புகளில் அவர் அந்தப் பட்டை இல்லாமல் நின்றிருப்பார் என்ற நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனி விண்ணப்பமாக எழுதுங்கள். பஷ்சிமி ஸ்டார் என்பது மேற்குப் போர்முனையில் வரையறுக்கப்பட்ட பகுதிகளில் அந்தக் காலத்தில் பணியாற்றியவர்களுக்கு உரியது. சங்ராம் பதக்கம் அதைவிடப் பரவலாக வழங்கப்பட்டது. எனவே சங்ராம் பதக்கம் இருக்கிறது என்பதைக் காட்டி ஸ்டாரைக் கோர முடியாது. ஷகர்கர் பகுதியில் அவர் இருந்தார் என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். காயத்துக்கான பதக்கமோ எதிரியின் நேரடி நடவடிக்கையால் ஏற்பட்ட காயத்துக்கு மட்டுமே உரியது. அதற்கு, அந்த நாட்களில் அவர் போர்க்காயம் அடைந்தவராக அறிவிக்கப்பட்டாரா என்பதும், மருத்துவமனைப் பதிவில் காயத்தின் காரணம் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதும்தான் முக்கியம். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், ஒன்றுக்குச் சான்று போதவில்லை என்ற பதிலில் மற்றொன்றும் அடிபட்டுப் போகும்.

சான்று வீட்டிலேயே இருக்கக்கூடும். உங்கள் தாயாரோ பாட்டியோ பெட்டியில் வைத்திருக்கும் பழைய இன்லண்ட் கடிதங்களைத் தேடிப் பாருங்கள். முகவரியில் உள்ள '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி மட்டும் பெரிதாக உதவாது, ஏனெனில் அது மிகப் பரந்த பகுதிக்குப் பொதுவானது. ஆனால் அஞ்சல் முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண்ணும் தேதியும் இருக்கும். 1971 டிசம்பரில் அந்த எண்ணுள்ள தபால் நிலையம் எந்தப் படையணியோடு இருந்தது என்பதை ராணுவம் தன் பதிவுகளிலிருந்து அறிய முடியும். மருத்துவமனையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பே புக் (சம்பளப் புத்தகம்), விடுப்புச் சான்று, இடமாற்ற உத்தரவு ஆகியவற்றில் எது கிடைத்தாலும் நகலெடுத்துச் சான்றொப்பம் பெற்று இணையுங்கள். அதே கம்பெனியில் இருந்த தோழர் எவரேனும் உயிரோடு இருந்தால், அவருடைய படை எண்ணும் டிஸ்சார்ஜ் புத்தக நகலும் சேர்ந்த உறுதிமொழிப் பத்திரம் வாங்குங்கள். "இவர் வீரமாகப் போரிட்டார்" என்ற வகை வாசகம் பயன்படாது. எந்த நாள், எந்த இடம், என்ன வேலை, யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதைத்தான் எழுத வேண்டும். அந்தத் தழும்பு வரியையும் மறக்காமல் மேற்கோள் காட்டுங்கள். படையில் சேர்ந்தபோது நடந்த உடற்தகுதிப் பரிசோதனையில் அந்தத் தழும்பு குறிக்கப்படவில்லை என்றால், இடைப்பட்ட காலத்தில் வந்தது என்பதற்கு அதுவே ஓர் ஆதாரம்.

விண்ணப்பத்தைப் பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் பிரிவின் (மெட்ராஸ் சாப்பர்ஸ்) ரெக்கார்ட் ஆபீஸ் பொறுப்பதிகாரிக்கு, உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் வழியாக அனுப்புங்கள். ஒரு பிரதியை நேரடியாகப் பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். படை எண்ணைப் பெரிதாக, ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள். ஓர் இலக்கம் மாறினால் கடிதம் வேறொருவர் கோப்பில் போய்ச் சேரும்.

புத்தகத்தில் நீங்களாக எதையும் எழுதிச் சேர்க்காதீர்கள், பென்சிலாலும் கூடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு பதிவை எழுதி முத்திரை வைக்க இடமே இருக்காது. கடையில் பதக்கத்தை வாங்கி அணிந்துகொண்டால் போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உங்கள் அப்பா கேட்பது மார்பில் தொங்கும் உலோகத்தை அன்று, பதிவை. அவர் கேட்பதுதான் சரி.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். போர்ப் பதக்கங்களால் ஓய்வூதியம் உயராது; மாதப் படி உண்டென்றால் அது வீர விருதுகளுக்குத்தான். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் செய்யும் திருத்தங்கள் ஓய்வூதியத் தரவு சார்ந்தவை. பதக்கப் பதிவை அங்கே தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: என் தாத்தா 1962 இறுதியில் ராணுவத்தில் சேர்ந்து, குடும்பச் சூழ்நிலையால் ஏழே ஆண்டுகளில் ஓய்வூதியம் இல்லாமல் விலகினார். டிஸ்சார்ஜ் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது. ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதினோம். விதிப்படி ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்திருக்கிறது. அவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கே இனி ஆதாரம் இல்லையா? — ஒரு வாசகர், ஆரணி

பதில்: இருக்கிறது. ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழிக்கலாம் என்பது விதி. ஆகவே உங்களுக்கு வந்த பதில் பொய்யன்று. ஆனால் அது முழுப் பதிலும் அன்று. 'லாங் ரோல்' என்று ஒரு பேரேடு உண்டு, அதை அழிப்பதில்லை. படை எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் போன்ற அடிப்படை விவரங்கள் அதில் இருக்கும். "ஆவணங்களை அனுப்புங்கள்" என்று கேட்டால் அழிந்துவிட்டன என்றுதான் எழுதுவார்கள். "லாங் ரோலில் உள்ள பதிவின் சான்றிட்ட நகலை அனுப்புங்கள்" என்று, வாரிசுச் சான்றை இணைத்து, இன்னொரு முறை எழுதுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாததாலேயே எத்தனையோ குடும்பங்கள் முதல் கடிதத்தோடு நின்றுவிடுகின்றன என்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம்.

படை எண் நினைவில் இல்லையென்றால், சேர்ந்த ஆண்டும், தந்தை பெயரும், அந்தக் காலத்து மாவட்டப் பெயரும் வேண்டும். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்கள் அன்று வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை; பேரேட்டில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பதக்கங்களைப் பொறுத்தவரை அளவான எதிர்பார்ப்போடு இருங்கள். 1965-ல் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்ட ரக்ஷா பதக்கத்துக்கு, பணிக்கால நாட்களே பெரிய ஆதாரம். லாங் ரோல் நகல் அதற்கு உதவலாம். அதே 1965 போருக்கான சமர் சேவா ஸ்டாருக்கு அவர் போர்ப் பகுதியில் இருந்தார் என்று காட்ட வேண்டும். ஷீட் ரோல் இல்லாத நிலையில் அது கடினம்.

கேள்வி: நான் 1988-ல் அமைதி காப்புப் படையில் இலங்கையில் இருந்தேன். என் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'சிறப்புச் சேவைப் பதக்கம்' என்று மட்டும் இருக்கிறது; 'ஸ்ரீலங்கா' என்ற கிளாஸ்ப் (பதக்கப் பட்டையில் பொருத்தும் சிறு தகடு) எழுதப்படவில்லை. இது அவ்வளவு முக்கியமா? — ஒரு வாசகர், காட்பாடி

பதில்: முக்கியம்தான். அந்தப் பதக்கத்தைப் பெற்றவர் எங்கே பணியாற்றினார் என்பதைச் சொல்வதே கிளாஸ்ப். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கே நம் படை இருந்த காலத்தை உங்கள் பதிவில் காட்டும் சொல் அது ஒன்றே. நீங்கள் ஓய்வூதியம் பெறுபவர் என்றால் ஷீட் ரோலில் பார்ட் டூ ஆர்டரின் எண்ணோடு முழுப் பதிவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். நகலெடுத்தவர் ஒரு சொல்லை விட்டிருப்பார். புத்தகத்தின் அந்தப் பக்கத்து நகலோடு ஒரு கடிதம் எழுதினாலே போதும்.

கேள்வி: பதக்கப் பதிவு கேட்டு எழுதியதற்கு "பதிவுகளால் உறுதிப்படவில்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இதற்கு மேல் வழி உண்டா? — ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: எந்தப் பதிவைப் பார்த்து அப்படி எழுதினார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் ஷீட் ரோலின் நகலையும், குறிப்பிட்ட மாதங்களில் உங்கள் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல்களையும் கேளுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கோபத்தோடு நேராக வழக்குக்குப் போவதைவிட இது நல்லது. வந்த நகலில் பல நேரம் தவறு தானாகவே தெரியும்: நீங்கள் யூனிட்டில் சேர்ந்த தேதி ஒரு மாதம் தள்ளி எழுதப்பட்டிருக்கும், அல்லது மருத்துவமனை நாட்கள் விடுப்பு நாட்களாகக் காட்டப்பட்டிருக்கும். அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி மறு விண்ணப்பம் அனுப்புங்கள்.

அதையும் மறுத்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது; அதன் அமர்வு சென்னையிலேயே உண்டு. இறுதி ஆணை பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். விண்ணப்பித்து ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போகலாம். காலம் கடந்திருந்தால் தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தீர்ப்பாயம் உங்களுக்காகச் சான்று தேடித் தராது. இருப்பதை எடை போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். எனவே அந்த ஒற்றை வரிப் பதிலையும், அது வந்த உறையையும் தூக்கி எறியாதீர்கள். பதிலில் உள்ள தேதிதான் உங்கள் ஆறு மாதக் கணக்குக்குத் தொடக்கம்; அது தாமதமாக வந்திருந்தால் அதைக் காட்ட உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரை உதவும்.