கருப்பு வெல்வெட் திரையில் பூஞ்சை – பதில்

இருண்ட கோதிக் பாணி அலங்காரத்துக்காக மாட்டிய கருப்பு வெல்வெட் திரை இரண்டே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது, அம்மாவும் "வீட்டில் கருப்பு ஆகாது" என்கிறார் என எழுதியிருந்தீர்கள். பினாங்கு ஈரக்காற்றுக்கு வெல்வெட் சரிப்படாது, கழற்றிவிடுங்கள். என்னுடையதிலும் மடிப்புக்குள் சாம்பல் புள்ளியாகத்தான் தொடங்கியது. மெல்லிய பருத்தி லேஸ் போடுங்கள், சீக்கிரம் காயும். நிறம் மாதுளைச் சிவப்பு. கூடவே ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அதற்கு எந்த அம்மா மறுப்பார்? ராத்திரியில் அதன் நிழல் சுவரில் ஆடும்போது மண்டையோட்டுப் பொம்மையெல்லாம் தோற்றுவிடும்.

அப்புறம், வெளியே சுற்ற அக்டோபர் ஹாலோவீன் வரை காத்திருக்க வேண்டாம். ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் உள்ள பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவி, 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட் அங்கேதான் இருக்கிறார். பாசி படிந்த கற்கள், மேலே கெம்போஜா (ஈழத்தலரி) மரங்கள். கருப்பு உடையில் போவதானால் வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். கொசு மருந்து முக்கியம்.